அக்ரிலிக் தொட்டியைத் துடைக்கும் முறை

அக்ரிலிக்கைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். விபத்தை விசாரிக்கும் உங்களுக்கு இது தேவையில்லாத தகவலாகப் படலாம். நான் எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன். இடையில் ஒன்றை விட்டுவிட்டால் மற்றதும் தப்பாகிவிடுமோ என்று பயம்.

எங்கள் பட்டறையில் மூன்றே பேர். கணினியின் சூட்டை விசிறிக்குப் பதிலாகத் தண்ணீரால் தணிக்க விரும்புகிறவர்களுக்கு, அவரவர் பெட்டியின் அளவுக்குப் பாகங்கள் செய்து தருகிறோம். சூடாகும் சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டி, அதற்குள் மெல்லிய வாய்க்கால்கள், தண்ணீர் நிற்க, உள்ளே தெரியும்படியான அக்ரிலிக் பிளாஸ்டிக் தொட்டி. செம்பைக் குடைகிறவர் மைக்ரான் அண்ணன். அளவுகருவியை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துப் பிழையைச் சொல்லிவிடுவார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். அதனால் அந்தப் பெயர். பாகங்களைச் சுத்தம் செய்து பூட்டுவது என் வேலை. சாயங்காலம் வரைபட வகுப்புக்குப் போவேன்.

“உன் டிராயிங் ஒண்ணே ஒண்ணு அண்ணன் கண்ணுல தேறட்டும், டிசைன் மேசை உனக்குத்தான்” என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த மேசையைத் தவிர வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

மூன்று வரைபடங்கள் கொடுத்தேன். முதலாவதைப் பார்த்த அண்ணன், “ஏன்டா தம்பி, தண்ணிக்கு என்ன கூச்சமா? மூலையில போய் ஒளிஞ்சு நிக்குதே” என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவதில், நான் குறித்த இடத்தில் திருகாணி போட்டால் வாய்க்காலுக்குள் இறங்கும் என்றார். மூன்றாவதில் பிழை இருந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, “வயசிருக்குடா, என்ன அவசரம்” என்று முதுகில் தட்டினார்.

மூன்று முறையும் அவர் சொன்னது சரி. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

கடைந்த அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால் துடைத்தால் உள்ளுக்குள் விரிசல் விழும், ஆரம்பத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்று அந்த வாரம் வகுப்பில் சொன்னார்கள். குறித்துக்கொண்டேன். அண்ணன் கண்ணுக்கும் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

கேட்டதை நம்பிவிடுவது என் வழக்கமில்லை. கழித்துப் போட்ட பழைய தொட்டிகளை எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்து, காற்றடித்துப் பார்த்தேன். முதல் மூன்றும் கசிந்தன, அவ்வளவுதான். துடைக்கும் தடவைகளைக் கூட்டினேன். ஏழாவது தொட்டி வெடித்தது. பின்பக்கம் தகட்டில் பூட்டியிருப்பதால் சில்லுகள் எல்லாம் முன்பக்கமாகவே பறந்தன. அதையும் குறித்துக்கொண்டேன்.

பூட்டி முடித்த தொட்டியின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, உள்ளே காற்றடித்துப் பார்ப்போம். அண்ணன் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு குமிழி தேடுவார். பாதுகாப்புக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கும்.

புதன்கிழமை ஒரு வாடிக்கையாளரின் தொட்டியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை, பதினோரு தடவை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவரை எச்சரித்தேன். “கண்ணாடி போட்டுக்கங்கண்ணே” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

“கண்ணாடி மாட்டிக்கிட்டு யார் கல்யாணத்துக்குப் போகணும்? பேசாம பம்பை அடிடா” என்றார்.

அடித்தேன்.

இரண்டு கண்களும் போய்விட்டன. பொருளில் குறை என்று முதல் அறிக்கையில் எழுதினார்கள். அடுத்த மாதம் மேசை எனக்கு வந்தது. ஞாயிறுதோறும் அண்ணனைப் பார்க்கப் போனேன். அண்ணி தேநீர் தருவார், செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். என்னளவுக்கு யாரும் போகவில்லை.

போன ஞாயிறு, நான் வரைந்து புது ஆள் குடைந்த முதல் செம்புக் கட்டியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

“மூணாவது வாய்க்கால் கடைசில குறுகுது பாரு தம்பி. குடைஞ்சவன் தப்பில்ல, உன் டிராயிங்லயே அப்படித்தான் இருக்கும்.”

திரும்பி வந்து வரைபடத்தை அளந்து பார்த்தேன். இருந்தது.

அண்ணி இதை முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். “கண்ணு போனா என்னடா, விரல்லயே கண்ணை வச்சிருக்கார் மனுஷன். திங்கக்கிழமையிலருந்து வரச் சொல்லிட்டேன். இனிமே உன் வேலையெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வெளிய போகும்” என்றார் முதலாளி.

அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். தொட்டியைத் துடைத்தது நான். வெடிக்கும் என்று தெரிந்து, எந்தப் பக்கம் வெடிக்கும் என்றும் தெரிந்து துடைத்தேன். திங்கட்கிழமைக்குள் என்னை அங்கிருந்து அழைத்துப் போய்விடுங்கள். இன்று சாயங்காலம், பட்டறையில் தகடு நசுக்கும் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்காமல் காக்கும் தடுப்பை எத்தனை திருகாணிகள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு. எண்ணிய கையோடு கிளம்பி உங்களிடம் வந்துவிட்டேன். அவர்மேல் அக்கறை இல்லாதவன் இப்படி வருவானா, சொல்லுங்கள்.