ஆயுத பூசைத் தூக்குப்போசி

செந்தில்வேல்: ...பாருங்க வக்கீலம்மா, பாருங்க! மறுக்காவும் அதே நம்பருங்க. லோன் வேணுமான்னு கேக்கறான்.

வேல்விழி: கட் பண்ணுங்க. வக்கீல் ஆபீஸ்ல ஃபோன சைலன்ட்ல போடோணும்.

செந்தில்வேல்: எங்க காதர்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுல அத்தன டிரைவருக்கும் இதே பாடுதானுங்க. பனியன் பண்டல் ஏத்தறதா, ஃபோன் எடுக்கறதா? லிங்கசாமிக்குப் பொறந்த நாள் வாழ்த்தே சொல்றானுங்க. அவன் சம்சாரத்துக்கே தெரியாத பொறந்த நாளு!

வேல்விழி: அட! கேக்கு அனுப்பலீங்களா?

செந்தில்வேல்: நீங்க சிரிக்கறீங்க... லைசென்ஸ்ல இருக்கற வயசு, அட்ரஸு எல்லாத்தையும் எவனோ வித்துப்போட்டானுங்க. செயலாளர்னு என்னைய மேல தள்ளிவுட்டுட்டு, பசங்க கீழ பேக்கரில நிக்கறாங்க.

வேல்விழி: லைசென்ஸ் காப்பிய யாருகிட்டக் குடுத்தீங்க?

செந்தில்வேல்: ஆயுத பூசைக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்காரங்க சோறு கொண்டுபோக ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி குடுத்தாங்க. காப்பி குடுத்தாத்தான் போசின்னுட்டாங்க.

வேல்விழி: ஒரு போசிக்கு ஜாதகத்தையே தூக்கிக் குடுத்துட்டீங்களா!

செந்தில்வேல்: மூடி போட்ட போசிங்க.

வேல்விழி: அப்பச் செரி... எல்லாத்துதையும் சேத்துக் குடுத்தது யாரு?

செந்தில்வேல்: செயலாளர்தானுங்க... அதாவது, நான். எனக்கு ரெண்டு போசி.

வேல்விழி: செரி. போசிக்குக் குடுத்தத விக்கறதுக்கு நீங்க யாரும் சம்மதிக்கல. அதுதான் நம்ம பிடி. கம்பெனிக்கு நோட்டீஸ் விடலாம். ஐ.டி. சட்டத்துல நஷ்டஈடு கேக்கலாம். சைபர் கிரைம்லயும் புகார் குடுக்கலாம்.

செந்தில்வேல்: புதுசா ஒரு சட்டம் வந்திருக்குதாமா... கோடிக்கணக்குல அபராதம்னு...

வேல்விழி: வந்திருக்குது. முழுசா நடைமுறைக்கு வரோணும். அந்த அபராதமும் சர்க்காருக்குத்தான் போகும்.

செந்தில்வேல்: நல்லா இருக்குதுங்க! ஃபோன் வர்றது எங்களுக்கு, காசு போறது அவங்களுக்கு.

வேல்விழி: சட்டம் நான் எழுதலீங்க.

செந்தில்வேல்: ஏனுங்க... கம்பெனி இல்லாம, ஸ்டாண்டுக்குள்ளயே ஒருத்தன் கம்ப்யூட்டர்ல அடிச்சு வித்திருந்தா?

வேல்விழி: மோசடி கேஸு. உள்ள போவான்.

செந்தில்வேல்: உள்ளயேவா... கொஞ்சம் தண்ணி குடுங்க.

வேல்விழி: உங்களுக்கெதுக்கு இப்படி வேர்க்குது?

செந்தில்வேல்: ஃபேன் மெதுவாச் சுத்துதுங்க. செரி, வாங்குனவங்களுக்கு?

வேல்விழி: வாங்குனவங்கள... விடுங்க, அது கொஞ்சம் சிக்கல்.

செந்தில்வேல்: எப்படி விடறதுங்க! 'ஆக்ஸிடென்ட் கேஸ் இருந்தா எங்ககிட்ட வாங்க'ன்னு ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்துகூட ஃபோன் வந்துதுங்க.

வேல்விழி: ...ச்சே. அப்படியும் வக்கீல் இருக்காங்களா?

செந்தில்வேல்: பேரச் சொல்லலீங்க. ஒரு புள்ள பேசுச்சு. சிக்குனா என்ன பண்ணுவாங்க?

வேல்விழி: கேஸ் பிடிக்க ஆள் வெச்சு ஃபோன் போடப்படாது. பார் கவுன்சில் சும்மா விடாது... அதெல்லாம் இப்ப எதுக்கு? கம்பெனியப் பிடிப்போம்.

செந்தில்வேல்: இல்லீங்க, எவனா இருந்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்குதுங்க!

வேல்விழி: கொதிக்க விடாதீங்க. உங்களுது ஓ நெகட்டிவ்... ஊரெல்லாம் தேடுனாலும் கிடைக்காது.

செந்தில்வேல்: ...என்ரது பி பாசிட்டிவ்ங்க.

வேல்விழி: அப்படியா? லைசென்ஸ்ல...

செந்தில்வேல்: லைசென்ஸ்லயும் பி பாசிட்டிவ்தானுங்க. ஓ நெகட்டிவ் லிங்கசாமிக்கு. அவன் ரத்தம் என்ர பேருக்கு நேரா இருக்கறது, விலைக்குப் போன அந்த ஒரு ஃபைல்ல மட்டுந்தானுங்க.

வேல்விழி: அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?

செந்தில்வேல்: அவசரத்துல தப்பா அடிச்சதே நான்தானுங்க. பசங்க கீழ நிக்கறாங்க... கேஸு யாரு மேலன்னு சொல்லட்டுமுங்க? வித்தவன் மேலயா, வாங்குன உங்க மேலயா?