வலது பக்கத்து விளக்கு

பழைய கார் வைத்திருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது, மேடம். ஊரே சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிற நேரத்தில் நானும் என் தம்பியும் ஷெட்டில் இருப்போம். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். "அக்கா, போடு" என்பான்; சுவிட்சைப் போடுவேன். "அணைச்சிடு" என்பான், அணைப்பேன். எனக்குத் தெரிந்த கார் ஓட்டுதல் அவ்வளவுதான்.

அப்பா விட்டுப் போன கார் அது. முன்விளக்குகள் வெளியே தெரியாது, மூடிக்குள் படுத்துக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு விளக்கையும் ஒரு சின்ன மோட்டார் மேலே தூக்கும். அணைத்தால் கீழே இறக்கி மூடிவிடும். இடது விளக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். வலது விளக்கு மனசு வைத்தால் எழும், இல்லையென்றால் பாதியில் நின்று முழிக்கும். "உங்க கார் என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்று எதிர்வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் கேலி பண்ணுவார்.

அம்மா போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். வளர்த்தது நான். எனக்கு வந்த மாப்பிள்ளைகளை அப்பா ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார், நானும் வாயைத் திறக்கவில்லை. குறை சொல்லவில்லை, மேடம். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது. தம்பி பல் செட் செய்கிற வேலை கற்றுக்கொண்டான். மெழுகில் அவன் செதுக்கி வைக்கிற பல்லைப் பார்த்தால் கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அப்படி ஒரு கை. பிறகு கல்யாணம் செய்துகொண்டான். அவன் பெண்டாட்டி நல்ல பெண்தான். என் மேல் புகார் கொடுத்திருக்கிறாள் என்பதற்காக நான் அவளை ஒன்றும் சொல்லமாட்டேன்.

வேறு ஊரில் ஒரு பெரிய பல் செட் கூடத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். மலையைத் தாண்டிப் போகவேண்டும், போய்ச் சேர இருட்டிவிடும். "லைட் சரியாகாம இவளைக் கூட்டிட்டுக் கிளம்பமாட்டேன்" என்றான். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எல்லாம் அந்த வலது விளக்கின் கையில் இருந்தது.

தம்பி பொறுமைசாலி. முதலில் ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயை இடது பக்கத்திலிருந்து கழற்றி வலது பக்கத்தில் போட்டுப் பார்த்தான், அப்போதும் எழவில்லை. பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தான், ஓடியது. "மோட்டார் மேல பழி இல்லக்கா, எர்த் ஒயர்தான்" என்றான். பாடியில் அந்த ஒயரை முடுக்கியிருந்த இடம் துருப்பிடித்திருந்தது. சுரண்டி, துடைத்து, நட்டை இறுக்கினான். விளக்கு எழுந்து நின்றது. அவன் பெண்டாட்டி கை தட்டினாள்.

அவர்கள் பெட்டி வாங்கக் கடைக்குப் போனபோது நான் அந்த நட்டைக் கழற்றினேன். அவள் அலமாரியில் நிறமில்லாத நகப்பூச்சு இருந்தது. ஒயர் உட்காருகிற இடத்தில் அதைத் தடவிக் காயவைத்து, நட்டை மறுபடி இறுக்கிவிட்டேன். பார்த்தால் பளிச்சென்று புதிதாகத்தான் தெரியும். கரண்ட் மட்டும் போகாது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். இத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியாதா?

பாவம், அவன் ரிலேயை மாற்றினான். காயலான் கடையில் தேடி வேறொரு மோட்டாரும் வாங்கி வந்து மாட்டினான். "எனக்கு மூளையே இல்லக்கா" என்று ஷெட் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தடவிக் கொடுத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன். அந்த வாரங்களில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு அவன் கல்யாணத்துக்குப் பிறகு பேசியதே இல்லை.

கடைசியில் அவன் பழைய ஒயரையே விட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து பேட்டரிக்கு நேராகப் புது எர்த் ஒயர் இழுத்தான். அவ்வளவுதான். விளக்கு எழுந்தது, படுத்தது, மறுபடி எழுந்தது. மறுநாள் காலையில் கிளம்புவதாக முடிவாயிற்று. பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டார்கள். விளக்கு இறங்கும்போது மட்டும் லேசாகக் கிரீச்சென்றது. கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும் என்று சாயங்காலம் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டான்.

விளக்குக்கு அடியில் கை விடுவதற்கு முன்னால் ஃபியூஸைக் கழற்றி என்னிடம் கொடுப்பது அவன் வழக்கம். அந்த மோட்டார் ஓடினால் கை என்றும் பார்க்காது, இரும்பு என்றும் பார்க்காது. "நீ வச்சிருந்தா எனக்குப் பயம் இல்லக்கா" என்பான். அன்றைக்கும் விளக்கைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஃபியூஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வலது கையை உள்ளே விட்டான். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். போகிறவன் போகட்டும், பாடிக்கொண்டா போகவேண்டும் என்று நினைத்தேன். கோபமில்லை, மேடம். அசதி. உடம்பெல்லாம் அசதி.

சுவிட்சை அணைத்து வைத்தேன். ஃபியூஸை அதன் இடத்தில் சொருகினேன். விளக்கு இறங்கியது.

"தூக்கு, தூக்கு" என்று கத்தினான். தூக்கினேன். உடனே இல்லை.

வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது இனி மடங்காது என்கிறார்கள். நகப்பூச்சைக் கண்டுபிடித்தது பிறகு காரைப் பார்க்க வந்த மெக்கானிக்காம், அதை வைத்துத்தான் தம்பி பெண்டாட்டி உங்களிடம் வந்திருக்கிறாள். ஆனால் தம்பி உங்கள் போலீஸ்காரரிடம் என்ன சொன்னான், கேட்டீர்களா? "நான்தான் ஃபியூஸைக் கழட்ட மறந்துட்டேன்" என்றான். அதிர்ச்சியில் ஒன்றும் ஞாபகமில்லை போலிருக்கிறது. அதுவும் நல்லதுதான்.

இப்போது எங்கேயும் போகவேண்டியதில்லை. சட்டை மாட்டிவிட, சோறு ஊட்ட, எல்லாவற்றுக்கும் நான் இருக்கிறேன். அவனை எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி அறையில் காற்று அதிகம், அது ஒன்றுதான் எனக்குக் கவலை. நான் உள்ளே போகும்போதெல்லாம் அவனுக்குக் குளிர்கிறது. இடது கையை அவசரமாகப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறான்.