கைச்சுவரின் மறுபக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ் மன்றத் தலைவர் பாலச்சந்திரன் அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் சுந்தரேஸ்வரி அம்மா, டோர்ட்மண்டிலிருந்தும் டுசல்டோர்ஃபிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே! வணக்கம் சொல்ல வாய் வரவில்லை.

கட்டடக் கலைஞர் பிரபாலினி போய்விட்டார். போன கிழமைவரை எதிர் மேசையிலிருந்து "சிவராமன், உங்கட கோடு கோணல்" என்று என்னை ஏசிய பிரபாலினி! மூளையில் இரத்தம் கசிந்து ஒரே நாளில் எல்லாம் முடிந்தது.

நாங்கள் இருவரும் வடிவமைத்த கைச்சுவர் இங்கே ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. நீண்ட மரச்சுவர், அதில் கை நுழையும் துளைகள். நீங்கள் கையை நீட்ட, மறுபக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் அதைப் பிடித்தால் சுவருக்குள் விளக்கு எரியும். விட்டால் அணையும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக அவர் பட்ட பாடு! சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டவேண்டும் என்று முழங்காலில் நின்றல்லவா அளவெடுத்தார்!

"முகம் தெரியாதவரின் கையை எங்கள் ஊரில் யாரும் பிடிக்கமாட்டார்கள்" என்றார் நகரசபை அதிகாரி ஒருவர். பிரபாலினி வாதாடினாரா? இல்லை. நேரே சுவருக்குப் பின்னால் போனார். அதிகாரியைக் கையை நுழைக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது. அந்த மனிதர் கையை எடுக்கவே இல்லை! கடைசியில், "எனக்குத் தேத்தண்ணி குடிக்கவேணும், விடச் சொல்லுங்கோ" என்று பின்னாலிருந்து பிரபாலினிதான் கத்தினார்.

அதே கையை வைத்தியசாலையில் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைத் திருப்பிப் பிடிக்கவில்லை. ஐயோ உறவுகளே, அதை நான் எப்படித் தாங்குவேன்!

வரும் சனிக்கிழமை திறப்புவிழா. ஒத்திவைத்தால் சதுக்கம் வேறு நிகழ்வுக்குப் போய்விடும், சுவரைத் திறக்காமலே பிரிக்கவேண்டும். செத்தவீட்டுத் தீட்டு நீங்கும் முப்பத்தோராம் நாள் கழியாமல் விழா எடுக்கலாமா? சுந்தரேஸ்வரி அம்மாவிடம் கேட்கத் துணிவில்லாமல் அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவரே சொன்னார்: "திறவுங்கோ தம்பி. துடக்கோடை விழாவுக்கு வரக்கூடாது எண்டு சனம் சொல்லும். நான் விழாவுக்கு வரேல்லை. என்ர பிள்ளையின்ர வேலையைப் பாக்க வாறன்."

ஆகவே இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். சனிக்கிழமை கைச்சுவர் திறக்கும். மேளம் இல்லை, மாலை இல்லை. அதன்பின் அதை நகரம் நகரமாகக் கொண்டுபோவது என் பொறுப்பு.

முதலில் அம்மா கையை நீட்டுவார். மறுபக்கத்தில் யார் நிற்பது? செத்தவீட்டுத் துடக்கு என்று தள்ளி நிற்கப் போகிறீர்களா? வாருங்கள், எல்லோரும் வாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தக் கை, பிடிக்க ஆளில்லாமல் அங்கே நீண்டிருக்கக் கூடாது.