வியாழக்கிழமை மருந்து

கொல்லிமலையில் நல்ல தேன் கிடைக்கும். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதை நாக்கில்கூடத் தடவக் கூடாது. மருந்து கசக்கிறது, கொஞ்சம் தேன் கலந்து கொடுங்கள் என்று தாய்மார்கள் கேட்பார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் சம்மதித்ததில்லை. என் வேலையில் நான் கவனமானவள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. சொந்த ஊர் சேந்தமங்கலம். மலைமேல் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் நான் ஒருத்திதான். கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதுதான் வீடு. அம்மா போன பிறகு கீழே இறங்க எனக்குக் காரணம் இல்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே போய்விடும். திங்கட்கிழமை முதல் ஆளிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும்.

பரிமளா இதே மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளுடைய நாலு மாதக் குழந்தை ஜீவாவுக்கு வலிப்பு. டாக்டர் இளங்கோ எழுதிய மருந்து எங்களிடம் பெரியவர்களுக்கான மாத்திரையாகத்தான் இருந்தது. அதைக் கல்வத்தில் நைசாக அரைத்து, பாகு விட்டுக் கலக்கி, குழந்தை விழுங்குகிற மாதிரி நான் செய்து கொடுப்பேன். அது ஏழு நாளைக்கு மேல் தாங்காது. அதனால் வியாழன்தோறும் அவள் வருவாள்.

"ஏனுங்க்கா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் உள்ளே நுழைவாள். என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டதும் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, புருஷன் வேலப்பன் மிளகு பறிக்க ஏறி வழுக்கியது, மாமியார் கோபித்துக்கொண்டு மகள் ஊட்டுக்குப் போனது எல்லாம் சொல்வாள். பஸ் வரும்வரை ஒரு மணி நேரம். ஜீவா என் விரலைப் பிடித்துக்கொள்வான். மீதி ஆறு நாளும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தே கழியும்.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது வலிப்பு நின்றிருந்தது. இன்னும் ஒரு மாதம் வராவிட்டால் நாமக்கல்லில் கிடைக்கும் கம்பெனி மருந்துக்கு மாற்றிவிடலாம், வாராவாரம் அலைய வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

"இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்க்கா" என்று பரிமளா சிரித்தாள்.

அந்த வாரம் பத்து மாத்திரை அரைக்க வேண்டிய இடத்தில் ஆறு அரைத்தேன். லேபிளில் பழைய அளவையே எழுதினேன். அது விஷம் அல்ல. சேர்க்கக் கூடாத எதையும் நான் சேர்க்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமையே வந்துவிட்டாள். ஜீவாவுக்கு மறுபடியும் வலிப்பு வந்திருந்தது. "பயமா இருக்குதுங்க்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கம்பெனி மருந்துப் பேச்சு அதோடு நின்றது. டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். நான் அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொண்டேன்.

இப்படிப் பதினொரு வாரம். சில வாரங்களில் முழு அளவும் போட்டேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. "காட்டுல வேலை இருக்குதுங்க்கா, அடுத்த வாரம் அவரை அனுப்பறேன்" என்று அவள் சொன்ன வாரம் மட்டும் ரொம்பக் குறைத்தேன். மூன்று.

அந்த வாரம் மழையில் பாதை சரிந்து பஸ் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கிய வலிப்பு நிற்கவில்லை. வேலப்பனும் அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். வந்து சேர்ந்தபோது ஜீவாவுக்கு மூச்சில்லை.

மீதி மருந்தைப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர், முடிவு வந்ததும் என்னிடம் நேராகக் கேட்டார். "எத்தனை மாத்திரைம்மா போட்டீங்க?" மூன்று என்றேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல.

அதற்கு முன்பே, குழந்தையை அடக்கம் செய்த அடுத்த வாரம், பரிமளா வந்தாள். வாங்கிப்போக மருந்து எதுவும் இல்லை. "எங்க போறதுன்னு தெரியலீங்க்கா, கால் இங்கயே வந்துருச்சு" என்றாள். காலையில் வந்தவள் கடைசி பஸ் வரை பெஞ்சில் என் பக்கத்திலேயே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு இருந்தது அன்றுதான்.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். போலீஸ் ஜீப்பில் என்னையும் அழைத்துப் போங்கள். அவள் தாங்கமாட்டாள். சாய்ந்து அழ அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.