அவள் அறையை யாரும் சோதிக்கவில்லை

அல்சூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும்.

“போலீஸ்காரங்க என் பையன் போனை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. பொம்பளப்புள்ள ரூமுன்னு பொண்ணு ரூமை எட்டிக்கூடப் பாக்கல.”

“நல்லதுதானேக்கா?”

“அந்தக் கும்பலுக்கு ஆள் சேத்ததே அவதான்டி. தம்பியை இழுத்துவிட்டதும் அவதான். வீட்டுக்கு வந்த போலீஸ்காரங்களுக்கே டீ போட்டுக் குடுத்தா.”

தங்கை குரலைத் தாழ்த்தினாள். “குண்டு வைக்கிறவங்களா?”

“ஆமா.”

“இப்ப அவ எங்க?”

“காலையில போனா. போனை வீட்லயே வெச்சுட்டுப் போயிருக்கா. என் பையிலதான் இருக்கு, ஸ்டேஷன்ல குடுத்துடலாம்னு கிளம்பினேன்.”

போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப் வந்துவிட்டது. கண்டக்டர் இரண்டு முறை கூவினார். அக்கா பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

“அடுத்த ஸ்டாப்ல இறங்கலாம்டி.”