வாசலில் கிடந்த சப்பாத்துகள்

— அப்ப நீரும் நித்திரை கொள்ளேல்லையோ, சுசீலா?

— எங்க? இரவு முழுக்க யன்னல் கண்ணாடியில மண் அடிச்சுக்கொண்டே இருந்தது. மழையெண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருந்தன். பக்கத்து அறையில நீங்கள் இருமினதும் கேட்டது.

— நடுக்கதவு பூட்டித்தானே கிடக்கு.

— நூறு வருசப் பழங்கதவு, தேவராசா. பூட்டினாலும், இப்ப நாங்கள் கதைக்கிற மாதிரி எல்லாம் கேக்கும். மெல்லமாக் கதையுங்கோ.

— ஆருக்குக் கேக்கப்போகுது? இது எங்கட சனம் இருக்கிற இக்காஸ்ட் இல்லை, ஸ்கேயன். டென்மார்க்கின்ர பாலைவனம்.

— நேற்று அந்த மண்மேட்டில நிக்கேக்க, கால் நிலத்தில படாத மாதிரி இருந்தது. இப்பவும் அப்பிடித்தான். சுவரெல்லாம் மஞ்சள் வெளிச்சம். முழிச்சிருக்கிறனோ கனவோ எண்டு தெரியேல்லை.

— அந்த மண் இருந்த இடத்தில இராது. ஒரு தேவாலயத்தையே மூடிப்போட்டுதே. கோபுரம் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிக்குது.

— அதைப் பாக்க என்னைப் பாத்த மாதிரி இருந்தது. அவர் செத்த பிறகு நானும் அப்பிடித்தானே நிண்டனான்.

— என்ர மனுசி போன பிறகு நானும்தான். அதாலதானே கேட்டனான், என்னைக் கட்டுறீரோ எண்டு. எத்தினை தரம் கேட்டிட்டன்.

— கஜதீபனை நினைக்கத்தான் பயம். தேப்பன்ர கதிரையில இன்னும் ஒருத்தரையும் இருக்க விடுறானில்லை.

— காலமை உம்மைப் பாக்க ஒல்போர்க்கிலயிருந்து வாறான் எண்டீர். தாய் தனியத்தான் வந்தவ எண்டு நினைச்சிருக்கிறான், பாவம். அவன் வரமுந்தி நான் வெளிக்கிடுறன்.

— எப்பவும் போல.

— ஓம். உம்மட வீட்டு ஹீற்றர் திருத்த வந்தாலும், சப்பாத்தைப் பையில போட்டு உள்ள கொண்டுவந்த ஆள்தானே நான்.

— வாசல்ல ஆற்ற சப்பாத்து கிடக்கெண்டு பாத்துத்தானே எங்கட சனம் கதை கட்டும்.

— கட்டும்தான். ஆனா எனக்கு வெக்கமாயிருக்கும், சுசீலா. களவெடுக்க வந்தவன் மாதிரி.

— தெரியும்.

— சரி, போட்டு வாறன். பொறும், என்ர அறை வாசல்ல சப்பாத்தைக் காணேல்லை. ராத்திரி வீட்டுப் பழக்கத்தில வெளியில கழட்டி விட்டிட்டன்.

— நானும்தான். ஹோட்டல் எண்டதையே மறந்துபோனன்.

— இப்பிடிப் பழைய ஹோட்டல்களில வெளியில வைச்சா எடுத்து மினுக்கித் தருவினமாம்.

— என்ர வாசல்ல பாருங்கோ.

— ஓம், இஞ்ச கிடக்கு. உம்மட சப்பாத்தோட ஒட்டிக்கொண்டு, ரெண்டு சோடியும் பளபளவெண்டு. மினுக்கின பிள்ளை அறையை மாறி வைச்சிட்டுது. நல்ல காலம், உம்மட மகன் வரமுந்திக் கண்டது. எடுக்கிறன்.

— எடுக்காதேங்கோ. அந்தப் பிள்ளை உங்கட வாசல்லதான் வைச்சது. விடிய எழும்பி நான்தான் இஞ்ச கொண்டுவந்து வைச்சனான், கஜதீபன் காணட்டுமெண்டு.