நேஷனல் ஆடாத பொண்ணு

சின்ன விஷயமா? இன்னா சார் இப்படி சொல்லிட்டீங்க? கால்நடை டாக்டருக்குப் படிக்கிற சீட்டு சார் அது! நீங்க செய்யார்ல எறங்கி ஷிப்டுக்குப் போயிடுவீங்க. எனக்கு ஆரணி வரைக்கும் வயிறு எரிஞ்சிகினே போவும். ஆத்திரம் தாங்கல, அதான் உங்ககிட்ட கத்திகினு வரேன். கோச்சுக்காதீங்க.

இந்தாங்க, இந்த ஃபைலப் பாருங்க. எல்லாம் எம் பொண்ணு லாவண்யாவோடது. கோ-கோ ஆட்டம். ஆறாவதுல ஓட ஆரம்பிச்சா, பன்னெண்டாவது வரைக்கும் ஒரு நாள் லீவு கெடையாது. விடியறதுக்குள்ள கிரவுண்டுல இருப்பா. முட்டியில தோலு நின்னதே இல்ல, அத்தனை தடவ உழுந்து எழுந்திருக்கா. ஸ்டேட்ல ரெண்டு தடவ கப்பு. இன்னிக்கு மெட்ராஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிபிகேட் பாத்தாங்க. ஏசி ரூம்ல குந்திகினு ஒரு அம்மா ரெண்டே நிமிஷத்துல தள்ளி வெச்சிட்டாங்க. ஸ்டேட் ஆடினதுக்கு இவ்ளோதான் மார்க்காம். ஒரே ஒரு நேஷனல் ஆடியிருந்தா சீட்டு கையில இருந்திருக்குமாம். அப்போ ஏழு வருஷம் ஓடினது ஓட்டம் இல்லியா? அங்க குந்தினு இருக்கறவங்கள்ல ஒருத்தராச்சும் ஒரு ரவுண்டு ஓடுவாங்களா சார்?

பிளஸ் டூ மார்க்கா? கம்மிதான். காலைல கிரவுண்டு, சாயங்காலம் கிரவுண்டு, நடுவுல எங்கேர்ந்து படிக்கும்? ஆட்டம் கைவுடாதுன்னு அந்த பி.டி. டீச்சர் தமிழ்ச்செல்வி சொல்லிச்சு, நம்பினோம். நேரா அது வூட்டுக்குப் போயி நாலு கேள்வி கேக்காம வுடமாட்டேன்.

நேஷனல் ஏன் ஆடலயா? இதையேதான் அந்தம்மாவும் கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, உம் பேரு செலக்ட் ஆயிருக்கே, ஏம்மா கேம்புக்கு வரலன்னாங்க. இல்ல மேடம், நான் செலக்டே ஆகலன்னா இவ.

டீச்சர் சொல்லலியாவா? அந்த மாசம் அது பிரசவ லீவு. மெசேஜ் வந்தது போனுக்கு. எங்க வூட்ல ஒரே போனு, என்னுது.

வந்துச்சு சார். பத்து நாள் கேம்பு, அப்பறம் போபால்ல மேட்சு. அன்னிக்குப் பாத்து எங்க வூட்டு ரெண்டு தறியிலயும் பாவு நூலு முடிஞ்சி போச்சு. புதுப் பாவ பழசோட இழை இழையா சேக்கணும், ஆயிரக்கணக்குல இழை. சாம்பல் தொட்டு லாவண்யா திரிச்சான்னா அறுவாது. எம் பொஞ்சாதி ஜெயத்துக்குக் கண்ணு பத்தாது. முகூர்த்தப் பொடவ சார், ஆர்டர் குடுத்தவரு வாசல்ல வந்து நின்னுகினு ஜல்தி ஜல்தின்றாரு. அடுத்த வருஷம் போவட்டும்னு மெசேஜ அழிச்சிட்டேன்.

லிஸ்ட்ல பேரு வரலன்னு ரெண்டு நாளு அழுதா. அழுதுகினேதான் இழை சேத்தா.

பொண்ணு எங்கயா? இதே பஸ்ஸுலதான் சார், டிரைவருக்குப் பின்னாடி. அவ டிக்கெட்ட அவளே எடுத்துகினா.